மின்னஞ்சல் வரலாற்றில் விடுபட்ட பகுதி

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்னஞ்சல் பற்றிய தங்கள் கட்டுரை, 1971இல் ரே டாம்லின்சன் @ குறியைப் புகுத்தியதைச் சொல்லிவிட்டு நேரே இன்றைய இணையத்துக்கு வந்துவிடுகிறது. 1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அர்ப்பாநெட், யூனிக்ஸ் கணினிகளைத் தொலைபேசி வழியே இணைத்த யூயூசிபி, பல்கலைக்கழகங்களின் பிட்நெட் எனத் தனித்தனி வலையமைப்புகள் இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்புவதுதான் பெரும்பாடு.

யூயூசிபியில் கடிதம் போக வேண்டிய வழியையே முகவரியாக எழுத வேண்டும். மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் கணினிக்குச் 'சக்தி' என்று பெயர். அங்குள்ள குமாருக்கு அமெரிக்காவிலிருந்து எழுதுபவர், இடையில் கடிதங்களைக் கைமாற்றும் யூயூநெட் கணினியையும் சேர்த்து 'யூயூநெட்!சக்தி!குமார்' என்று போடுவார். ஒவ்வொரு கணினியும் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கணினியோடு மோடத்தில் இணையும்போது அனுப்பிவைக்கும். நடுவில் ஒன்று படுத்துவிட்டால் கடிதம் அங்கேயே கிடக்கும்.

இரண்டு குறிகளும் கலந்தால்தான் உண்மையான குழப்பம். 'சக்தி!குமார்@யூயூநெட்' என்பதை அர்ப்பாநெட் கணினி @ பக்கமிருந்து படித்து முதலில் யூயூநெட்டுக்குச் சரியாக அனுப்பும். பழைய யூயூசிபி கணினியோ ! குறியை முதலில் பார்த்து, சக்தியைத் தேடிப் போகும். சக்திக்குக் கிடைப்பது 'குமார்@யூயூநெட்'. யூயூநெட்டில் குமார் என்று யாரும் இல்லாததால் கடிதம் திரும்பிவிடும். இதைத் தவிர்க்கவே 'குமார்%சக்தி@யூயூநெட்' என்று எழுதினார்கள். யூயூநெட் தன் பெயரை நீக்கிவிட்டு % குறியை @ ஆக மாற்றி அனுப்பும். எந்த விதிமுறையிலும் இல்லாத வழக்கம்தான், ஆனாலும் பெரும்பாலும் கைகொடுத்தது.

முகவரி சரியாக இருந்தாலும் உள்ளடக்கம் கெடும். பிட்நெட்டின் ஐபிஎம் கணினிகள் எப்சிடிக் எழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்தின. மற்ற கணினிகளின் குறியீடான ஆஸ்கியிலிருந்து மாற்றும்போது [ ] ^ போன்றவை வேறு எழுத்தாகிவிடும். சி மொழி நிரல் அனுப்பினால் மறுமுனையில் கம்பைல் ஆகாது, அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாறாது. வரிக்கடைசி இடைவெளிகளும் உதிரும். கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றி அனுப்பும் யூயூஎன்கோட் முறையில் போன கோப்புகள் பாழானதற்கு இதுவும் ஒரு காரணம். அதே வேலைக்குப் பின்னால் வந்த பேஸ்64 முறை, இரு குறியீடுகளிலும் பத்திரமாகப் பிழைக்கும் எழுத்துகளை மட்டுமே எடுத்துக்கொண்டது.

முகவரிச் சிக்கலைத் தீர்த்தவை டொமைன் பெயர்களுக்கான (example.com போன்ற இணையப் பெயர்கள்) எம்எக்ஸ் பதிவுகள், அதாவது அந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்தக் கணினியிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள். 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் அவற்றுக்கான விதிகளை வெளியிட்டார். மோடம் மட்டுமே உள்ள நிறுவனமும் தனக்கென ஒரு டொமைன் வைத்துக்கொண்டு, 'என் கடிதங்களை இந்த நுழைவாயில் கணினியிடம் கொடு' என்று பதியலாம். 10, 20 என முன்னுரிமை எண் கொடுத்து இரு கணினிகளைக் குறித்தால் சிறிய எண்ணுக்கு முதலில் போகும். அது கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு. அனுப்புபவர் வழி தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் எந்த நிறுவனத்தின் அஞ்சலும் இந்தப் பதிவைப் பார்த்தே போய்ச் சேருகிறது. இதற்குக் கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்