குவாரி அறிக்கைகள் கிராமசபைக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூர் வட்டாரத்தில் குவாரி என்றதும் 2012இல் வெளிவந்த கிரானைட் முறைகேடும், அதை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014இல் உ. சகாயம் அவர்களை நியமித்ததும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான சிறு கல்குவாரிகளைப் பற்றியும், அங்கே சம்மட்டியும் உளியுமாகப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றியும் பேசுவோர் குறைவு. அப்படியொரு குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டால் சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படாது என்றிருந்த நிலையை, 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அன்று முதல் சிறு குவாரிக்கும் அனுமதி கட்டாயம். அனுமதி பெற்றவர் அதன் நிபந்தனைகளை எவ்வாறு நிறைவேற்றினார் என்று ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் அறிக்கை தர வேண்டும் என்றும், அவ்வறிக்கை பொது ஆவணம், கேட்பவருக்கு நகல் தர வேண்டும் என்றும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தெளிவாகவே சொல்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் கண்மாய்க்கு மேற்கே உள்ள குவாரியின் அறிக்கையைக் கேட்டு விண்ணப்பித்தேன். மூன்று முறை அலைந்த பிறகு கிடைத்த நகல் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. என் மகள் வாசித்துப் பொருள் சொன்னாள். தூசியைக் கட்டுப்படுத்தத் தண்ணீர் தெளிக்கப்படுகிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தக் குவாரிச் சாலையில் தண்ணீர் லாரியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. துளை போடும்போது ஈரப்படுத்துவதும் இல்லை.

இந்த ஒரு வரியை நான் பெரிதுபடுத்தக் காரணம் உண்டு. கருங்கல்லைத் துளைக்கும்போது பறக்கும் மிக நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டால், அதைக் குணப்படுத்த மருந்தே இல்லை. என் தந்தைக்குக் காசநோய் என்று எண்ணிப் பல மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அது கல்தூசி தந்த நோய் என்று தெரிந்தபோது அவரால் வாசற்படி ஏறவும் முடியவில்லை. துளையிடும் இடத்தில் தண்ணீர் விட்டிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கக்கூடிய நோய் அது.

சிறு குத்தகைதாரர் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தமக்கு விளங்காத மொழியில் யாரோ ஆயத்தம் செய்து தரும் தாள்களில் கையெழுத்திடுவோரும் அவர்களில் உண்டு. ஆகவே அறிக்கையைத் தமிழில், இரண்டு பக்கத்துக்குள், வெடி வைக்கும் நேரம், தண்ணீர் தெளிப்பு, வேலி, தொழிலாளர் மருத்துவப் பரிசோதனை ஆகிய விவரங்களோடு எழுதச் செய்ய வேண்டும். ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகள் ஒரே தொகுப்பாகக் கருதப்படுவதால், மருத்துவப் பரிசோதனையையும் தண்ணீர் லாரியையும் அவர்கள் பொதுவில் ஏற்பாடு செய்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அறிக்கை தரும் இரு நாள்களுக்கும் சரியாக ஒரு மாதம் முன்பு, மே 1 அன்றும் நவம்பர் 1 அன்றும், நம் ஊர்களில் கிராமசபை கூடுகிறது. அங்கே அறிக்கையை வாசித்து, மக்கள் சொல்லும் மறுப்பையும் அதனுடன் இணைத்தே அனுப்ப வேண்டும். கிராமசபையின் சொல்லுக்கு வலு உண்டு என்பதை, தீர்மானங்களுக்கும் போராட்டத்துக்கும் பின் 2025 ஜனவரியில் அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலம் ரத்தானபோது இந்த மாவட்டமே கண்டது. மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை பிறப்பித்தால், வரும் மே 1 கூட்டத்திலேயே முதல் அறிக்கையை வாசிக்கலாம்.

இப்படிக்கு,
கல் உடைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.