எங்கள் ஷேர் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள்: மைனிங் குழு ஒருங்கிணைப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் மைனிங் நிலவரத்தைக் காட்டும் உங்கள் புதிய இணையப் பக்கம் வந்ததிலிருந்து நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெங்களூரு உறுப்பினர்கள் பலமுறை எழுதியும் 'பரிசீலனையில் உள்ளது' என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

ஸ்ரீராமபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், இரவில் இரண்டு கம்ப்யூட்டர்களை மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்கில், அதாவது கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் வேலையில், ஓடவிட்டுப் போவார். ஷட்டரை இறக்கிய பிறகு போனில் தெரியும் உங்கள் பக்கத்தை நம்பித்தான் தூங்குவார். போன வாரம் ஓர் இரவு முழுக்க அதில் பச்சை வட்டம், பக்கத்தில் 'இணைப்பில் உள்ளது' என்ற வரி. காலையில் கடையைத் திறந்தால் மைனிங் மென்பொருள் ஓடும் கறுப்புத் திரையில் வரிசையாக நிராகரிக்கப்பட்ட ஷேர்கள், அதாவது செய்த வேலைக்குச் சான்றாகக் கம்ப்யூட்டர் குழுவுக்கு அனுப்பும் விடைகள். இன்டர்நெட் லைன் மந்தமாகியிருக்கிறது. குழுவின் ஷேர்களை வரிசையாகக் கோத்து, சுமார் 10 நொடிக்கு ஒரு ஷேர் சேரும் சங்கிலியில் தாமதமாகப் போனால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அது புரிகிறது, அதில் வருத்தமில்லை. ஆனால் நிராகரித்த கணக்கு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 'ஒருங்கிணைப்பாளர்' திறந்தால் தெரிகிறது, 'உறுப்பினர்' திறந்தால் தெரிவதில்லை. கேட்டதற்கு, "உங்கள் நிலைக்கு அந்த அனுமதி இல்லை" என்றார்கள். கம்ப்யூட்டரும் கரண்ட் பில்லும் அவருடையது, அனுமதி மட்டும் உங்களுடையதா?

அவரவர் மெஷினின் நிராகரிப்புக் கணக்கை அவரவருக்குக் காட்டுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே குழுவின் கையில் பிட்காயின் மைனிங் திறனில் பாதிக்கு மேல் போன ஆபத்தைச் சொல்லித்தான் எங்களை இங்கே அழைத்தீர்கள். இங்கே தலைவரே கிடையாது என்றீர்கள். சரி, அப்படியென்றால் குறைந்தபட்சப் பட்டுவாடாத் தொகையை உயர்த்தியது யார்? அந்தப் பொறுப்பை அவருக்குக் கொடுத்தது யார்? பக்கத்தில் எங்கே தேடியும் ஒரு வரி இல்லை. எங்கள் தெரு கோயில் திருவிழாக் கமிட்டிகூட பொருளாளர் பெயரை நோட்டீஸில் போடுகிறது.

அரசாங்கத்தைக் கேட்டால் அது இன்னும் விசேஷம். 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, மைனிங்கிற்கான கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்கவும் வழியில்லை. வீணாய்ப்போன அந்த இரவின் கரண்ட் காசை யாரிடம் கேட்பது? அதை உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லைதான். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அப்டேட்டில் உறுப்பினர் பக்கத்திலேயே நிராகரிப்புக் கணக்கு தெரியட்டும். ஷேர் போய்ச் சேராவிட்டால் அந்தப் பச்சை வட்டம் சிவப்பாகட்டும். எந்தப் பொறுப்பில் யார் இருக்கிறார், எந்த செட்டிங்கை எப்போது மாற்றினார் என்பதும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று மட்டும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர் உறுப்பினர் ஒருவர்