சாரி கார்டைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என்னிடம் 1987-ல் வாங்கிய புல்லட் 350 இருக்கிறது. திருவொற்றியூர் ஆலையில் செய்த வண்டி, பின்சக்கரத்துக்கு 3.25-19 டயர் (அகலம் 3.25 அங்குலம், ரிம் 19 அங்குலம்). அதை இப்போது ஓட்டும் என் மகன், பின்னாலிருந்து பார்த்தால் வண்டி ஒல்லியாகத் தெரிகிறது என்று 4.00-19 டயர் போட்டான். பழைய மட்கார்டு இடிக்கும் என்பதால் அகலமாக, குட்டையாக வேறொன்று மாட்டினார்கள். பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு பழைய மட்கார்டின் கம்பியோடு சேர்ந்தது. "இனிமேல் இது உட்காராது சார்" என்று பட்டறையில் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் என் மனைவியை ஏற்றிக்கொண்டு வல்லம் போனேன். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னால் சரக்கென்று சத்தம், ரப்பர் தீயும் வாடை. நிறுத்துவதற்குள் அவள் முந்தானை ஸ்போக்கில் சுற்றிக்கொண்டது. மெதுவாகப் போனதால் தோளில் சிராய்ப்போடு போயிற்று. சேலை கிழிந்தது. அன்று முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகனும் நானும் அளந்து பார்த்தோம். 4.00 டயர் அகலத்தில் மட்டுமல்ல, உயரத்திலும் கூடுதல். அச்சிலிருந்து அளந்தால் பழைய டயரைவிட முக்கால் அங்குலம் மேலே வருகிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றினால் சக்கரம் எங்கும் உரசாது, பட்டறையில் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து ஷாக் அப்சர்பர் அமுங்கினால்தான் மட்கார்டின் உள்பக்கம் டயரைத் தொடுகிறது. இடது பக்கம் செயினுக்கும் டயருக்கும் நடுவே விரல்கூட நுழையவில்லை. ரிம் மட்டும் பழைய ஒடுக்கமான ரிம்தான். அதில் அகல டயரை மாட்டினால் இரண்டு ஓரமும் இறுகி, நடுப்பகுதி உருண்டுவிடுகிறது. தரையில் பதிவது எதிர்பார்த்த அளவு கூடுவதில்லை. இதற்காகவா அவ்வளவு செலவு?

அகல டயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. 18 அங்குல ரிம் வாங்கி ஸ்போக் கட்டி 110 மி.மீ. அகலமுள்ள 110/90-18 டயர் போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய பழைய அளவுக்கே வரும். ஆனால் செயின் பக்க இடைவெளியை அப்போதும் பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டு பேரை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் பார்ப்பது போதாது.

சாரி கார்டு விஷயம் வேறு. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. புதிய மட்கார்டுக்கு ஏற்ப இரண்டு பட்டை வெல்டிங் செய்தால் பழைய கம்பியையே மாட்டிவிடலாம், அரைமணி நேர வேலை. பட்டறைக்காரர்களே, வண்டி கொண்டு வருபவர் வேண்டாம் என்றாலும் அதைச் செய்து கொடுங்கள். பதிவை (ஆர்.சி.) புதுப்பிக்க வரும் பழைய வண்டிகளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தார் இதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டியில் பழைய டயர் அளவும் பழைய மட்கார்டும் திரும்ப வந்துவிட்டன. சாரி கார்டின் போல்ட்டை மகனே முறுக்கினான்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
தஞ்சாவூர்.