பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிழைத்துவிட்டன. "ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, இனி பயமில்லை" என்று டாக்டர் சொன்னதும் உங்களுக்கெல்லாம் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். பட்டறையில் என் விரல்கள் துண்டான அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை.

பட்டறை நண்பர்களே, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதோடு நீங்கள் நிற்கவில்லை. துண்டான விரல்களைத் தேடியெடுத்து, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். நேரடியாக ஐஸில் போட்டிருந்தால் விரல் உறைந்து கெட்டுப்போயிருக்குமாம். வெறுமனே கொண்டுவந்தால் விரல் சுமார் 12 மணி நேரம்தான் தாங்கும், இப்படிக் குளிர்ச்சியாக வைத்தால் 24 மணி நேரம் வரைகூடத் தாங்கும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் தியேட்டரில் எவ்வளவு நேரம் ஆனாலும் பதறாமல் வேலை பார்க்க அதுதான் கைகொடுத்தது என்றார்.

அறுவை சிகிச்சைக் குழுவினருக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது? எலும்பைக் கம்பியால் நிறுத்தி, தசைநாண்களைத் தைத்து, பிறகு நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள ரத்தக்குழாய்களைத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் இணைத்திருக்கிறார்கள். முழுதாக அறுந்த கட்டைவிரலை இந்த முறையில் முதன்முதலாக ஒட்டவைத்தவர்கள் ஜப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் கொமாட்சுவும் தமாயும், 1965-ல். அதற்கு முன் எனக்கு இப்படி நடந்திருந்தால் இந்த விரல்கள் கிடையாது. மோதிர விரலின் நுனி போனது போனதுதான். அதற்கும் தோலை நகர்த்தி மூடி, எலும்பு வெளியே தெரியாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரவுப் பணி சிஸ்டர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா, மாமா, பணம் திரட்டிய நண்பர்கள், தூரத்தில் இருந்து விசாரித்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். நேரில் வந்து தனித்தனியாகச் சொல்வேன்.

இனி அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு கட்டில் உள்ள அறை. பக்கத்தில் கால் எலும்பு முறிந்த ஓர் இளைஞர், துணைக்கு அவருடைய அப்பா. முதல் நாள் ரவுண்ட்ஸில் டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: டீ, காபி கூடாது. சிகரெட்டோ, பக்கத்தில் பிடிப்பவர்களின் புகையோகூட ஆகாது. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், புதிதாகத் தைத்த குழாய் அடைத்துக்கொள்ளும். அறையும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று ஏசியையும் அணைக்கச் சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்குச் சொன்னது. பெரியவரைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

பெரியவர் நிறைய புகைப்பவர். அன்று மாலை வெளியே போய்விட்டு வந்தவர் வாசலிலேயே நின்றார். வராந்தாக் குழாயில் வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார், சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தார். சட்டையைக் கழற்றி வெளியே ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, பையில் இருந்த வேறொரு சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். அவரிடம் இருந்ததே இரண்டு சட்டை. உள்ளே போடுவதற்கு ஒன்று, வெளியே போடுவதற்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு, ராத்திரியில் துவைத்துக் காயப்போடுவார். ஏசி இல்லாமல் அவரும் மகனும் வேர்த்துக் கொட்டினார்கள். ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "எதுக்குய்யா இவ்வளவு சிரமம்?" என்றேன்.

"உன் விரலப் பாத்தேன் தம்பி. இப்பதான் செவப்பு வருது" என்றார்.

அப்புறம் ஒருநாள் ஜன்னல் கம்பியில் சட்டை தொங்கவில்லை. வெளியே போகவே இல்லை அவர். கேட்டால், "தெனம் ரெண்டு சட்ட யாரு தொவைக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தார். எத்தனையோ வருடப் பழக்கம் அது. விடும்போது கை நடுங்கியதைப் பார்த்தேன். யாரோ ஒருவனுடைய இரண்டு விரலுக்காக அந்த மனிதர் அதைத் தாங்கிக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிறகு ஆள்காட்டி விரல் நீலம் பாய்ந்தது. ரத்தம் உள்ளே போகிறது, திரும்பிவர வழியில்லை, சிரை அடைத்துவிட்டது என்று என்னை அவசரமாக மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். முன்கையில் இருந்து ஒரு துண்டு சிரையை எடுத்து வைத்துச் சரிசெய்தார்கள். நான் அறைக்குத் திரும்பும்போது பக்கத்துக் கட்டிலில் வேறு ஆள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பெயரைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

இனிமேல்தான் நீண்ட வேலை இருக்கிறது. தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். நுனியில் உணர்ச்சி வரப் பல மாதம் ஆகும், விரல் பழையபடி முழுதாக மடங்காது, குளிர் காலத்தில் வலிக்கும். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை ஒரு வேளைகூட விடமாட்டேன். வேலைக்குத் திரும்பியதும், விரல் துண்டானால் எப்படி எடுத்துவர வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுவேன், புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் நானே சொல்லிக்கொடுப்பேன்.

ஐயா, யாராவது இதை உங்களுக்குப் படித்துக்காட்டினால்: விரல் சிவப்பாகவே இருக்கிறது. உங்கள் மகன் ஊன்றி நடக்கிறாரா? வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கை சிகிச்சை புறநோயாளிப் பிரிவில்தான் இருப்பேன். மகனைக் காட்ட வந்தால் என்னையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போங்கள்.