பெரியப்பாவுக்குக் கட்டம் இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பெரியப்பா போனதற்கு நான் ஏன் வரவில்லை என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருப்பதாக எழுதியிருந்தாய். போனில் பேசினால் குரல் உடைந்துவிடும் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

லீவு கேட்டேன் அம்மா. அதற்கு ஒரு படிவம். இறந்தவர் 'இமீடியட் ஃபேமிலி'யா என்று முதல் கேள்வி. கீழே கட்டங்கள்: கணவன் அல்லது மனைவி, பிள்ளை, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர். பெரியப்பாவுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் 'அங்கிள்' என்று எழுதினேன். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தானே! என்னைத் தோளில் தூக்கிப்போய்ப் பள்ளியில் சேர்த்தவர் என்பதை எங்கே எழுதுவது? சம்பளமில்லாமல் போகலாம் என்றார்கள். பெரியம்மாவிடம், டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு.

மாமா "ஃபேமிலியைக் கூட்டிவரலை" என்றால் அத்தையைச் சொல்கிறார் என்று நமக்குத் தெரியும். வந்த புதிதில் இங்கே ஒருவர் ஃபேமிலி பற்றி விசாரித்தபோது, "இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்றேன். மனுஷன் விழித்தார்.

பூனைகளோடு சண்டை போடுகிற பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதினேனே, அவர் லத்தீன் டீச்சராக இருந்தவராம். படிவக் கதையைக் கேட்டதும் பாடமே எடுத்துவிட்டார். லத்தீனில் 'ஃபாமுலுஸ்' என்றால் வேலைக்காரன். அதிலிருந்து 'ஃபமிலியா': ஒரு வீட்டுக்கு உட்பட்ட அத்தனை பேரும், அடிமைகள் உள்பட. இங்கிலீஷிலும் வெகுகாலம் அப்படித்தானாம். 1660-ல் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்பவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியபோது, தான், மனைவி, வேலைக்காரி ஜேன், ஆக ஃபேமிலியில் மூன்றே பேர் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். "பெற்றோரும் பிள்ளையும் மட்டும் என்று சுருங்கியதெல்லாம் அப்புறம்தான்" என்ற பாட்டி, பூனைகளைக் காட்டி, "என் ஃபேமிலி இதுகள்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிர் ஒன்றும் பெரிதில்லை. இரண்டு ஸ்வெட்டரோடு படுத்தால் ஹீட்டரே வேண்டாம். அன்று ராத்திரி தூக்கம் வராமல், பெரியப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இருமுவாரே, அதே மாதிரி இருமிப் பார்த்தேன். கிட்டத்தட்ட வந்துவிட்டது அம்மா.

சரி, அதை விடு. பெரியம்மாவைத் தனியாக விடாதே. என் அறையைக் கொடு. மாடிப்படி ஏற முடியாது என்பார், அண்ணன் கட்டிலைக் கீழே இறக்கட்டும். பணம் இந்த மாதம் ஒரு வாரம் தள்ளி வரும், வங்கியில் ஏதோ தாமதம். பீரோ சாவி என் பழைய பள்ளிப் பைக்குள் இருக்கிறது. மேல் தட்டில் பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும், அதை மட்டும் எடுக்காதே.

உன் மகன்