விழப்போகிற பல்லுக்கு இன்னும் ஏழு வருட வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், உறவினர் வீட்டு நான்கு வயதுப் பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்துப் பல் சிகிச்சை செய்ததைக் கேட்டுக் கொதித்துப்போய் எழுதியிருந்தார். விழுந்து முளைக்கப்போகிற பால்பல்லுக்கு ஆபரேஷன் தியேட்டரா என்பது அவர் கட்சி. ஒரு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அதே கட்சிதான். இந்த ஆடியில் என் பேத்திக்கு அந்தச் சிகிச்சை நடந்தது, கட்சி மாறிவிட்டேன்.

கடலூர் முதுநகரில் முப்பது வருடமாகப் பெட்டிக்கடை வைத்திருப்பவன் நான். தேன்மிட்டாய், ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட், ஜூஸ் பாக்கெட் எல்லாம் என் கையால் விற்றவை. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கிற மாவட்டத்தில், மிட்டாய்க் கடைக்காரன் சர்க்கரையைத் திட்டினால் யார் நம்புவார்கள்? பேத்தி சிணுங்கினால் என் கை ஜாடிக்குத்தான் போகும். இரவில் சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குவாள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும், பால் பல்லிலேயே தங்கிவிடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் முதலில் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெளுத்தன. அப்புறம் பழுப்பு. மூன்றரை வயதில் கருகிய அடிக்கட்டைதான் மிச்சம். கீழ் முன்பற்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. புட்டி குடிக்கும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்ளுமாம்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று எழுத மாட்டேன். 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் பல்லும் உண்டு. எங்களுக்கும் பல் மருத்துவரிடம் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு கடையில் கடன் நோட்டுக்குள் ஐந்து மாதம் கிடந்தது. பால்பல்தானே!

பிறகு இரவுகள் தொடங்கின. பகலில் விளையாட்டில் மறந்திருப்பாள். படுத்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவாள். கிராம்புத் தைலம், சிரப், இரண்டு நாள் ஓய்வு, மறுபடி அழுகை. சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அடம் என்று நினைத்து என் மகன் ஒருநாள் கையை ஓங்கிவிட்டான். மென்றால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை அது. உள்ளூரில் ஒரு மருத்துவமனையில் நாங்கள் மூவரும் கைகாலைப் பிடித்துக்கொள்ள ஒரு பல்லைப் பிடுங்க முயன்றார்கள். முடியவில்லை. அதற்குப் பிறகு வெள்ளைச் சட்டை போட்ட யாரைக் கண்டாலும் அலறினாள், கடைக்கு வந்த தபால்காரர் உட்பட.

புதுச்சேரியில் குழந்தைகளுக்கான பல் மருத்துவர் ஒருவர்தான் கணக்கைப் புரியவைத்தார். கெட்டவை எட்டு. விழித்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு எட்டுப் பல்லையும் சரிசெய்ய ஐந்தாறு முறை வரவேண்டும். ஒவ்வொரு முறையும் ஊசி, ஒவ்வொரு முறையும் இந்தப் போராட்டம். மயக்கத்தில் ஒரே காலையில் முடியும். மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று சம்பந்தியம்மாள் பயந்தார். மருத்துவர் அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கவில்லை. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஓர் எச்சரிக்கை வெளியிட்டதாம். அது மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதைப் பற்றியது. எங்கள் பேத்திக்கு நான்கு நிறைந்துவிட்டது, வேலை இரண்டு மணி நேரம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிப்பதும் இதற்காகவே என்றார். ஆபத்தே கிடையாது என்று சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டோம்.

தேதி கிடைக்க மூன்று மாதம். கிடைத்த தேதியும் சளி இருமலால் இரண்டு முறை தள்ளிப்போனது. மூச்சுக்குழாயில் சளி இருந்தால் மயக்க மருத்துவர் தொடமாட்டார், அது சரிதான். ஆனால் காத்திருந்த நாளெல்லாம் அவளுக்கு வலித்தது. மூன்றாவது தேதி ஆடியில் வந்தபோது, ஆடியில் வேண்டாம் என்றவர்களை முதல் முறையாக எதிர்த்துப் பேசினேன்.

முந்தின இரவே அரியாங்குப்பத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம். எட்டு மணி சிகிச்சைக்கு இரவு இரண்டுக்கு மேல் பால், சோறு எதுவும் கூடாது. காலை ஆறு வரை வெறும் தண்ணீர். வாயில் வேலை என்பதால் மூச்சு விடுவதற்கான குழாயை மூக்கு வழியாக விடுவார்களாம். நான்கு முன்பற்களை எடுத்தார்கள். நான்கு கடைவாய்ப் பற்களைச் சுத்தம் செய்து எஃகு உறை போட்டார்கள். விழித்ததும் யாரையும் தெரியாதவள்போல் அலறினாள். மருந்தின் வேகம், அரை மணியில் அடங்கிவிடும் என்றார் நர்ஸ். அடங்கியது. மாலையில் கடலூர் பஸ்ஸில், தவளக்குப்பம் தாண்டும் முன்பே தூங்கிவிட்டாள்.

சிகிச்சைக்கு முன்னால் முதுகலை படிக்கும் ஒரு பெண் பதின்மூன்று கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்தார். பல் நோய் குழந்தையின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று அளக்கும் தாளாம்; உலகம் முழுவதும் பயன்படுகிறது. ஒன்பது கேள்வி பிள்ளையைப் பற்றி: வலி, சூடும் குளிர்ச்சியும் குடிக்க முடிகிறதா, தூக்கம், எரிச்சல், சிரிக்கத் தயங்குகிறாளா என்று. மீதி நான்கு எங்களைப் பற்றி: மன வருத்தம், வேலைக்குப் போகாத நாள், பணக் கஷ்டம். நான்காவது, குற்ற உணர்ச்சி. அங்கே வந்ததும் என் மருமகளின் பேனா நின்றுவிட்டது. புட்டியைக் கொடுத்தது அவள், பிஸ்கட் கொடுத்தது நான்; ஆனால் தெருவில் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். ஆறு வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பினோம். பெரும்பாலும் ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில்தான் குறி விழுந்தது. எனக்கு அந்தத் தாளும் தேவையில்லை. ஒருநாள் கல்லாவுக்குப் பின்னால் முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள்தான்.

‘விழப்போகிற பல்’ என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயதில்தான் விழும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஆறேழு வருடம் சோறு மென்று கொடுக்க வேண்டிய பல்; அடுத்து வரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான். ஏழு வருடம் குடியிருக்கப்போகிறவருக்கு ஒழுகும் கூரையைச் சரிசெய்ய மாட்டோமா?

எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். மயக்கத்தில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் பலருக்கு மறுபடி சொத்தை வருகிறது. பழக்கம் மாறாவிட்டால் ஒரு வருடம் போதும் என்றார் மருத்துவர். இப்போது இரவுப் புட்டி கிடையாது. ஃபுளோரைடு உள்ள பற்பசை, பட்டாணி அளவு, தேய்த்துவிடுவது நாங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரிப் பயணம்.

எனக்கு வயிறெரிவது வேறொன்றுக்கு. வெள்ளைக் கோடு தெரிந்தபோதோ, சிறு குழி விழுந்தபோதோ போயிருந்தால் வெள்ளிச் சத்து கலந்த ஃபுளோரைடு மருந்தைத் தடவியே சொத்தையை அங்கேயே நிறுத்தப் பார்த்திருக்கலாமாம். சொத்தை கறுத்துப்போகும், அவ்வளவுதான். ஊசி வேண்டாம், தியேட்டர் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அங்கன்வாடியில் சீட்டு எழுதுகிற குழு அந்த மருந்தையும் கையோடு கொண்டுவந்தால், கடன் நோட்டுக்குள் கிடக்க எதுவும் இராது.

அதையும் தாண்டிப்போன பிள்ளைகளுக்குத்தான் தியேட்டர். அண்ணாமலை நகரில் 1980 முதல் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எலும்பு முறிவு, குடலிறக்கம் எல்லாம் முடிந்த பிறகு நேரம் மிஞ்சினால்தான் பல் என்ற நிலை எங்கேயும் இருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு காலை, ஒரு மயக்க மருத்துவர், பிள்ளைகளின் பல்லுக்கு மட்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டு அரசுகளும் ஒதுக்கட்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு வேறு வழியே கிடையாது என்பதையும் காத்திருந்த வராந்தாவில்தான் கண்டேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அன்றும் தேதி கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு பெட்டிக்கடைக்காரர்,
கடலூர் முதுநகர்.
(மருமகள் பெயர் தெருவில் அடிபட வேண்டாம் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)