பொறு என்று சொன்னவர்களுக்கு என் நன்றி

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

பதினோரு ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த 1996ஆம் ஆண்டு மாடல், 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக், பத்தொன்பது மாத வேலைக்குப் பிறகு சென்ற மாதம் யாரும் தள்ளாமல் தானே ஓடி ஷெட்டை விட்டு வெளியே போனது. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, நான்கு கார்புரேட்டர் கொண்ட அந்த வண்டியை நான் வீட்டிலேயே தனியாகப் பிரித்து மாட்டியதாகப் பார்த்தவர்கள் பாராட்டுகிறார்கள். பாராட்டு மகிழ்ச்சி தருகிறது என்றாலும், அதில் பெரும்பங்கு எனக்கு உரியதன்று. கருவி கொடுத்தவர்கள், பாகம் கொடுத்தவர்கள், பாரம் தூக்கியவர்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் நான் அவசரப்பட்ட நேரங்களில் கையைப் பிடித்து நிறுத்தியவர்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். அதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, நாற்பது ஆண்டுகள் பட்டறை நடத்தி ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயாவுக்கு. ஐயா, முதன்முதலாக உங்களைப் பார்க்க வந்தபோது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. முழு எக்ஸாஸ்ட் மாற்றம், கார்புரேட்டருக்குக் காற்று தரும் பெட்டியான ஏர்பாக்ஸை எடுத்துவிட்டு நான்கு கோன் ஃபில்டர்கள், அதற்கேற்ற பெரிய ஜெட்டுகள் (பெட்ரோலை அளந்து விடும் துளைகள்), இலேசான செயின் செட் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நீங்கள் முழுவதும் படித்துவிட்டு, தாளை மடித்து என்னிடமே கொடுத்து, "கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு முதலில் கொண்டு வா. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டு. அப்புறம் இந்தத் தாளைப் பிரித்துப் பார்" என்றீர்கள். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகுதான் நீங்கள் காரணத்தை விளக்கினீர்கள். இந்த வகைக் கார்புரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்குவது ஆக்சிலரேட்டர் கேபிள் அன்று, வெற்றிட அழுத்தம். அந்த அழுத்தம் சீராக இருக்க ஏர்பாக்ஸுக்குள் அலையாமல் நிற்கும் காற்று வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டால் நடு வேகத்தில் வண்டி திக்கும், எந்த ஜெட் போட்டாலும் முழுதாகத் தீராது. அதைவிட முக்கியமாக, நோயுள்ள வண்டியில் மாற்றமும் செய்துவிட்டால், கோளாறு பழையதா, நாம் கொண்டுவந்ததா என்று பிரித்தறிய வழியே இருக்காது. இந்த ஒரு வார்த்தை எனக்கு எத்தனை மாதங்களை மிச்சப்படுத்தியது என்பதை இப்போது உணர்கிறேன்.

வால்வு கிளியரன்ஸை, அதாவது வால்வு அமைப்புக்கும் அதைத் தள்ளித் திறக்கும் கேமுக்கும் நடுவே விட வேண்டிய சிறு இடைவெளியை, பார்க்கச் சொன்னவரும் ஐயாதான். என்ஜினில் டிக் டிக் என்ற சத்தம் எதுவும் இல்லை, ஆகவே வால்வுகள் நன்றாக இருக்கின்றன என்று நான் எண்ணியிருந்தேன். இடைவெளி கூடினால்தான் சத்தம் வரும், குறைந்தால் என்ஜின் அமைதியாகவே கெடும் என்று அவர் சொன்னார். ஆண்டுக்கணக்கில் ஓடும்போது வால்வு தன் இருக்கையில் சிறிது சிறிதாக உள்ளே அமர்கிறது, இடைவெளி குறைகிறது. கடைசியில் வால்வு முழுமையாக மூடாமல் போகும்போது, இருக்கையைத் தொட்டுத் தணிய வேண்டிய சூடு தணியாமல் வால்வின் விளிம்பே எரிந்துபோகிறது. குளிர்ந்த என்ஜினில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பார்த்தால், 0.20 முதல் 0.30 மி.மீ. வரை இருக்க வேண்டிய எக்ஸாஸ்ட் பக்கத்தில் மூன்று வால்வுகளில் 0.15தான் இருந்தது. அவற்றில் ஒன்றில் இருந்த ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வட்டத் தகடு, 2.45 மி.மீ., அதற்குப் பதில் 2.35 போட்டால் 0.25 வரும். கணக்கு எளிது. ஆனால் இந்த என்ஜினில் ஷிம், வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட்டுக்குக் கீழே இருப்பதால், கேம்களைத் தாங்கும் கேம்ஷாஃப்ட் இரண்டையும் கழற்றியே ஆக வேண்டும். பதினாறு ஷிம்களையும் மைக்ரோமீட்டரில் அளந்து ஒரு படம் வரையச் சொன்னார். அப்படி வரைந்தபோது, ஒரு வால்வுக்குத் தடிமனாகப் போய்விட்ட ஷிம் இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தியது. புதிதாக வாங்கியவை இரண்டே இரண்டு.

கேம்களைத் திரும்ப மாட்டும்போதுதான் பெரிய தவறு செய்தேன். கேம் மூடியின் போல்ட்டுகளுக்குரிய இறுக்கம் 12 நியூட்டன் மீட்டர். என்னிடம் இருந்த டார்க் ரெஞ்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் கருவி) 20 முதல் 110 வரை மட்டுமே அளக்கும். கோடு இல்லாத இடத்தில் உத்தேசமாக 12 என்று வைத்துக்கொண்டு, 'கிளிக்' சத்தத்துக்காகக் காத்துத் திருகிக்கொண்டே இருந்தேன். இறுகிக்கொண்டு வந்த போல்ட் திடீரெனப் பிடி விட்டுச் சும்மா சுற்றியது. வெளியே எடுத்தால், போல்ட்டின் மரையில் அலுமினியம் சுருள் கம்பிபோல் சுற்றிக்கொண்டு வந்தது. கேம் மூடிகளை, என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்து வைத்தே துளையிடுகிறார்கள். ஆகவே இன்னொரு வண்டியின் மூடியை எடுத்து இங்கே போட முடியாது. ஹெட்டையே இழந்துவிட்டேன் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

லேத் பட்டறை அண்ணனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. காலையில் நான் பெரிய போல்ட் ஒன்றை அதே துளையில் திருகிப் பார்க்கலாமா என்று போனில் கேட்டதற்கு, "எதையும் தொடாதீங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு, தன் வேலையை நிறுத்திவிட்டு வந்தீர்கள். நீங்கள் செய்ததை நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக் துளைகளிலும் செயின் இறங்கும் குழியிலும் துணியைத் திணித்தீர்கள். துளையின் ஆழத்தை அளந்து, 6.3 மி.மீ. டிரில் பிட்டில் அந்த அளவுக்கு டேப் சுற்றினீர்கள். மூடியையே வழிகாட்டியாக வைத்து டிரில் சாயாமல் பார்த்துக்கொண்டீர்கள். மரை வெட்டும் டாப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருகி, அலுமினியத் துகள் எல்லாம் கிரீஸிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வரும்படி செய்தீர்கள். கடைசியில் புதிய மரையாக நிற்கும் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் உள்ளே இறங்கி, மேல் விளிம்புக்கு ஒரு மரை கீழே நின்றது. உங்களுடைய சிறிய டார்க் ரெஞ்சால் அந்தப் போல்ட்டை இறுக்கியபோது வந்த 'கிளிக்' என் காதில் இன்னும் இருக்கிறது. உழைப்புக்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டு, அந்தச் சிறிய ரெஞ்சையும் வேலை முடியும்வரை என்னிடமே விட்டுச் சென்றீர்கள்.

கார்புரேட்டர் வேலையில் எனக்கு உதவியவர், இதே மாதிரி வண்டி வைத்திருக்கும், நான் இதுவரை நேரில் பார்த்திராத ஒரு நண்பர். ஐட்லிங்கில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை 0.38 மி.மீ., ஏறக்குறைய ஊசி முனை அளவு. பதினோரு ஆண்டுகளில் பெட்ரோல் வற்றி, அரக்குபோல் படிந்து, நான்கில் மூன்று முழுவதும் அடைத்திருந்தன. கம்பியை விட்டுக் குத்திவிடலாம் என்று இருந்தேன். பித்தளை மென்மையானது, கம்பி ஒரு கீறல் போட்டாலும் துளை பெரிதாகிவிடும் என்று எச்சரித்து, கிளீனரில் இரண்டு நாள் ஊறப்போட்டு அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவச் சொன்னீர்கள். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றுவதற்கு முன், ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூ தலை சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவருக்குப் பொருந்தாது, ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு டிரைவர் தனியாக உண்டு என்று சொல்லி, உங்களுடையதையே தபாலில் அனுப்பி வைத்தீர்கள். முப்பது ஆண்டு பழைய ஸ்க்ரூக்கள் பதினாறும் ஒன்றுகூடத் தலை மழுங்காமல் வந்தன என்பதை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே எல்லோரும் அறியச் சொல்கிறேன்.

நான்கு கார்புரேட்டர்களையும் ஒரே சீராக்குவதற்கு வேண்டிய வேக்வம் கேஜ் செட்டும் அவரிடமிருந்தே வந்தது. என்ஜின் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது நான்கு முட்களும் நான்கு இடங்களில் ஆடிக்கொண்டிருந்தன. திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஆக்சிலரேட்டரை ஒருமுறை முறுக்கி விட்டு, முள் நிலைக்கும்வரை காத்து, மறுபடியும் திருப்பி, இப்படி முக்கால் மணி நேரம். மூன்றாவது முள் மற்ற மூன்றோடு வந்து சேர்ந்த அந்த நொடியில் என்ஜினின் குரலே மாறியது. அதுவரை கற்களை உருட்டியதுபோல் இருந்த சத்தம் ஒரே இழையாக ஓடியது. ஷெட்டுக்கு வெளியே இருந்த என் மனைவி, "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

வண்டி உயிர் பெற்ற பிறகு பேட்டரி மட்டும் ஏறவே இல்லை. பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டரை உடனே மாற்றிவிட நான் தயாராக இருந்தபோது, எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்த நண்பர் மல்ட்டிமீட்டரோடு வந்து, முதலில் அளந்து பார்ப்போம் என்றார். மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களுக்கு இடையேயும் ஒரே அளவு மின்சாரம் வந்தது, பாடிக்குக் கசிவும் இல்லை. ஆகவே ஸ்டேட்டர் நலம். ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் ஃபிரேமுக்கும் இடையே அளந்தால் 0.6 வோல்ட் காட்டியது. எர்த் போல்ட்டின் கீழே பச்சைக் களிம்பு. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ததும் அது 0.05க்கு இறங்கியது. அதன் பிறகே, கப்ளர் கருகிப்போயிருந்த பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, சூடு குறைவாக வரும் மாஸ்ஃபெட் வகையைப் போட்டோம். 5,000 ஆர்பிஎம்மில் 14.2 வோல்ட். எர்த்தை விட்டுவிட்டு ரெகுலேட்டரை மட்டும் மாற்றியிருந்தால், புதியதையும் அதே களிம்பு சிரமப்படுத்தியிருக்கும்.

பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் செய்தவைதான் உண்மையான மேம்பாடுகள். வேகத்தைக் கூட்டுவதற்கு முன் நிறுத்தத்தைக் கூட்டு என்று சொன்ன பந்தய ஓட்டுநர் நண்பருக்கு நன்றி. பழைய ரப்பர் ஹோஸ்கள் அழுத்தத்தில் உப்பியதால் லீவர் பஞ்சுபோல் இருந்தது. எஃகுப் பின்னல் ஹோஸ், புதிய செம்பு வாஷர்கள், புதிய டாட் 4 ஆயில் ஆகியவை போட்ட பிறகு லீவர் கல்லாக நின்றது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்கு சீல்கள் மட்டும் மாற்றினால் போதாது, சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும் அலுமினிய உப்பையும் சுரண்டி எடு, இல்லையெனில் அது சீலைப் பிதுக்கிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தவரும் அவரே.

முன் ஃபோர்க்கில் என் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, அமிழ்வை (ஆள் உட்காரும்போது முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதை) அளப்பதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நான் சவாரி உடையோடு வண்டி மேல் உட்கார, பின்வீட்டு அண்ணன் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அண்ணி டேப் வைத்து அளந்தார். ஒருமுறை அழுத்தி விட்டும், ஒருமுறை தூக்கி விட்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தோம். சீல்களின் உரசலைக் கணக்கிலிருந்து நீக்க அதுதான் வழி. பழைய ஸ்பிரிங்கில் 48 மி.மீ. அமிழ்ந்த முன்பக்கம் புதியதில் 34இல் நின்றது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்காகத் தந்த அந்த இருவருக்கும், இரவு எட்டு மணிக்கு மேல் சத்தம் போடவில்லை என்பதைத் தவிர நான் பதிலுக்கு எதுவும் செய்யவில்லை.

இன்னும் சிலர். டேங்கின் உள்துருவுக்குக் கடும் அமிலம் வேண்டாம், சிட்ரிக் அமிலம் போதும், கழுவிய உடனே சோடா உப்பு நீரால் அலசிக் காய வைக்காவிட்டால் கண் முன்னே மீண்டும் துரு ஏறும் என்று சொன்ன வேதியியல் ஆசிரியை அத்தைக்கு நன்றி. பட்டன் குறையாமல் நன்றாக இருந்த டயர்களைக் காட்டி, பக்கவாட்டில் இருந்த 2206 என்ற எண்ணைப் படிக்கச் சொல்லி, அது 2006ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் என்று புரியவைத்த தம்பிக்கு நன்றி. சர்வீஸ் கையேட்டையும், கழற்றி வைத்த ஒவ்வொரு பாகத்தையும் பெட்டியில் பெயர் எழுதிப் பத்திரப்படுத்தி, வண்டியோடு கொடுத்த முந்தைய உரிமையாளருக்கு நன்றி. பத்தொன்பது மாதங்கள் சாப்பாட்டு மேசையின் பாதியைப் போல்ட்டுகளுக்கு விட்டுக்கொடுத்ததோடு, ஒவ்வொரு பையிலும் தன் கையால் சீட்டு எழுதி ஒட்டிய என் மனைவிக்கு நான் தனியாகவும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

மெக்கானிக் ஐயா, இன்று மீட்டரில் ஆயிரம் கிலோமீட்டர் முடிந்தது. நீங்கள் மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். ஏர்பாக்ஸ் இருக்கட்டும், ஜெட்டும் செயினும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, அதில் இல்லாத ஒன்றைக் கடைசியில் எழுதினேன்: பின் ஷாக் அப்சார்பர், மேடு ஏறி இறங்கினால் இரண்டு முறை ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியிலேயே வருகிறேன், நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

லேத் அண்ணனின் டார்க் ரெஞ்சைத் துடைத்து, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் பெட்டியில் வைத்திருக்கிறேன், நாளை கொண்டு வந்து தருகிறேன். வேக்வம் கேஜுக்குப் புதிய குழாய்கள் நான்கு மாட்டியாயிற்று. அடுத்ததாக யாருக்குத் தேவை என்று அதன் உரிமையாளர் சொன்னால், ஜேஐஎஸ் டிரைவரோடும் என் ஷிம் படத்தின் நகலோடும் அங்கேயே நேராக அனுப்பி வைக்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
1996 மாடல் வண்டியின் இப்போதைய சொந்தக்காரன்